எண்ணிக்கை சரியா, சிஸ்டர்?

கவுனும் கையுறையும் அணிந்து அறுவை மேசையின் அருகே நிற்கும் செவிலியான என் உடலில் ஒரு பகுதி மட்டுமே ஸ்டெரைல், அதாவது கிருமியற்றது, எனக் கணக்கில் வரும். முன்புறத்தில் மார்பிலிருந்து மேசை மட்டம் வரை. கைகளில் முழங்கைக்கு 5 செ.மீ. மேலிருந்து விரல் நுனி வரை. முதுகு, தோள், கழுத்து, அக்குள், மேசை மட்டத்துக்குக் கீழே தொங்கும் கவுனின் பகுதி ஆகிய எல்லாமே, அந்தக் கவுனை உறை பிரித்து ஐந்து நிமிடமே ஆகியிருந்தாலும், கிருமி பட்டவையாகவே கருதப்படும். ஆகவே கைகளைத் தொங்கவிடக் கூடாது. கட்டிக்கொண்டு அக்குளில் செருகக் கூடாது. கவுன் அணிந்த இன்னொருவரைக் கடக்க நேர்ந்தால் முகத்துக்கு முகம் அல்லது முதுகுக்கு முதுகு என்றே கடக்க வேண்டும். கவுன் அணியாதவர்கள் ஸ்டெரைல் பரப்பிலிருந்து குறைந்தது 30 செ.மீ. விலகி நிற்க வேண்டும். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் கருவிகளின் பெயர்களைக் கற்கச் செலவிட்ட உழைப்பைவிட, என் கை இப்போது எங்கே இருக்கிறது, எதன்மீது பட்டது என்பதை எந்த நொடியிலும் அறிந்திருக்கப் பழகியதற்கே எனக்கு அதிக உழைப்பு தேவைப்பட்டது.

அறுவை அரங்கில் செவிலியர் வேலை இரண்டு வகை. மேசையருகே நின்று கருவிகளைக் கொடுத்து வாங்குபவர் ஸ்க்ரப் நர்ஸ். ஸ்டெரைல் கவுன் அணியாமல் அரங்கில் நடமாடி, தையல் நூலின் உறையைப் பிரித்துப் போடுவது, இரத்த வங்கியை அழைப்பது, திசு மாதிரிகளுக்குப் பெயர் எழுதுவது, நடப்பவற்றைப் பதிவேட்டில் ஏற்றுவது என மற்ற அனைத்தையும் பார்ப்பவர் சர்க்குலேட்டிங் நர்ஸ். ஒரே செவிலி இன்று ஒன்றும் நாளை மற்றொன்றுமாக நிற்பதுண்டு. வெளியிலிருப்பவர்கள் மனத்தில் பதிந்திருப்பவர் முதலாமவர் மட்டுமே. ஆனால் என் கருத்தில் இரண்டாமவரின் வேலையே கடினமானது. ஸ்க்ரப் நர்ஸ் ஒரு காயத்தைக் கவனித்தால் போதும். சர்க்குலேட்டர் ஓர் அறை முழுவதையும் கவனிக்க வேண்டும்.

நாள் தொடங்குவது நோயாளி வருவதற்கு நெடுநேரம் முன்பே. மயக்க மருந்து இயந்திரம், உறிஞ்சு கருவி, மின்சூட்டால் திசுவை வெட்டி இரத்தக் கசிவை நிறுத்தும் டயாதெர்மி, விளக்கு ஆகியவை இயங்குகின்றனவா என்று பார்க்கிறோம். கருவிப் பொதிகளை எடுத்து ஒவ்வொன்றின் உறையையும் ஆராய்கிறோம். கருவிகளை நீராவிச் சூட்டில் கிருமி நீக்கும் இயந்திரம் ஆட்டோக்ளேவ்; பொதியின்மேல் ஒட்டிய ஆட்டோக்ளேவ் டேப்பில் கறுப்புக் கோடுகள் தோன்றியிருந்தால் அது சூட்டுக்குள் போய் வந்தது என்று மட்டுமே பொருள். நீராவி உள்ளே வரை நுழைந்ததா என்பதை உள்ளே வைத்த காட்டி அட்டையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 134 பாகை செல்சியஸில் வெந்து வந்த பொதியாயினும் உறை ஈரமாக இருந்தால் ஒதுக்கிவிடுவோம். அந்த ஈரத்தின் வழியே கிருமி உள்ளே போய்விடும். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அப்படியே. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது வீண் செலவாகத் தோன்றுவதை அவர்களின் முகத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் சந்தேகம் வந்துவிட்ட பொருள் ஸ்டெரைல் அன்று என்பதே இங்குள்ள விதி. சந்தேகத்தை நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கும் கிடையாது.

நோயாளி உள்ளே வரும்போது அவரிடமே பெயரைக் கேட்கிறோம். "உங்கள் பெயர் இதுதானே?" என்று கேட்டால் பதற்றத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார், ஆகவே "உங்கள் பெயரைச் சொல்லுங்கள், இன்று எந்தப் பக்கம் அறுவை செய்யப் போகிறார்கள் என்று சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் சொல்வதை மணிக்கட்டுப் பட்டையோடும் ஒப்புதல் படிவத்தோடும் உடலில் போட்ட குறியோடும் ஒப்பிடுகிறோம். பல்செட், மோதிரம், காதுகேட்புக் கருவி ஆகியவற்றையும் பார்க்கிறோம். காதுகேட்புக் கருவியை மட்டும் மயக்கம் தரும் கடைசி நிமிடம் வரை கழற்ற வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதுண்டு. அந்த விளக்குகளின் கீழே, முகக்கவசம் அணிந்தவர்கள் நடுவே, உதட்டசைவும் தெரியாமல் குரலும் கேளாமல் ஒருவரைப் படுக்க வைப்பது கொடுமை.

மயக்கம் ஏறும் சில நிமிடங்களில் அரங்கில் பேச்சும் கருவிச் சத்தமும் அடங்க வேண்டும். ஒருமுறை மூத்த அம்மா ஒருவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "நீ இங்கதான இருப்ப கண்ணு?" என்று கேட்டார். "இங்கதான் இருப்பேன்மா, முடியுற வரைக்கும் எங்கயும் போக மாட்டேன்" என்றேன். அவர் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பிறகு அந்தக் கையை எடுத்துக் கைப்பலகையில் வைத்தேன். கையை எடுத்து வைப்பது எளிய செயலாகத் தோன்றும். ஆனால் அந்தக் கை உடலிலிருந்து 90 பாகைக்கு மேல் விலகினால் தோளருகே ஓடும் நரம்புக் கற்றை இழுபடும். முழங்கையின் உட்புறம் கடினமான விளிம்பில் அழுந்தினால் சுண்டுவிரல் மரத்துப்போகும். விழித்திருப்பவர் வலித்தால் கையை அசைத்துக்கொள்வார். மயங்கியிருப்பவருக்கு நரம்பு நசுங்குவது தெரியாது; ஆறு மணி நேரம் கழித்து எழும்போதுதான் தெரியும். ஆகவே முழங்கைக்கு அடியில் மெத்து வைக்கிறோம். குதிகால் மேசையில் அழுந்தாமல் தூக்கி வைக்கிறோம். கால்களை உயர்த்திக் கட்டும் நிலையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறம் ஓடும் நரம்பின்மீது கம்பி படாமல் பார்க்கிறோம். அந்தக் கால்களை ஏற்றும்போதும் இறக்கும்போதும் இருவர் நின்று இரண்டையும் ஒன்றாக, மெதுவாக அசைக்க வேண்டும். சட்டென்று இறக்கினால் இரத்தம் கால்களுக்குப் பாய்ந்து இரத்த அழுத்தம் சரியும். டயாதெர்மியின் தகட்டை உலர்ந்த, தசைப்பிடிப்புள்ள இடத்தில் முழுவதும் படியுமாறு ஒட்டுகிறோம். ஓரம் தூக்கிக்கொண்டால் அங்கே தோல் வெந்துவிடும். ஆல்கஹால் கலந்த தோல் மருந்து குறைந்தது மூன்று நிமிடம் உலராமல் விரிப்பைப் போட விடுவதில்லை. தேங்கிய ஆல்கஹாலும் ஆக்சிஜனும் டயாதெர்மியின் பொறியும் சேர்ந்தால் மேசையிலேயே தீப்பிடிக்கும். அறுவை மருத்துவர் காத்திருக்கிறார், மணி ஓடுகிறது என்ற நிலையில் இந்த மூன்று நிமிடத்தைக் கேட்டுப் பெறுவது சர்க்குலேட்டரின் வேலை.

கை கழுவுதல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கழுவி, நீர் முழங்கை வழியே வடியுமாறு கைகளை உயர்த்தியே வைத்திருந்து உள்ளே வருகிறோம். கையுறை பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். இன்று உலகெங்கும் நோயாளியைக் காக்க அணியப்படும் ரப்பர் கையுறை முதலில் செய்யப்பட்டது ஒரு செவிலியின் கைகளைக் காக்கத்தான். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை அரங்குப் பொறுப்புச் செவிலியாக இருந்த கரோலின் ஹாம்ப்டனுக்கு, கருவிகளையும் கைகளையும் தூய்மையாக்கப் பயன்பட்ட பாதரசக் கரைசலால் தோல் வெடித்துப் புண்ணானது. 1889-90 குளிர்காலத்தில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவருக்காக குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறைகள் செய்து தரச் சொன்னார். 1890இல் இருவரும் மணந்துகொண்டார்கள். கையுறை அணிந்தால் காயத்தில் தொற்றும் குறைகிறது என்பதை மற்றவர்கள் உணர்ந்து, எல்லோருக்கும் அது வழக்கமாவதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின. தினமும் இரண்டு அடுக்குக் கையுறை அணியும்போதெல்லாம் நினைக்க முடியாது என்றாலும், அந்தப் புண்பட்ட கைகளை நான் அவ்வப்போது நினைப்பதுண்டு.

இந்தத் தொழிலில் 'அறுவை மனசாட்சி' என்று ஒரு சொல் உண்டு. பயிற்சிக் காலத்தில் அதைத் தேர்வுக்காகப் படித்தேன். அதன் பொருள் விளங்கியது ஒரு மூட்டு மாற்று அறுவையின்போது. கருவி ட்ராலியை இழுத்து அருகே வைத்துக்கொள்ளும்போது என் வலக்கையின் சுண்டுவிரல் விரிப்புக்குக் கீழே, மூடப்படாத கம்பியில் பட்டுவிட்டது. பட்டது என்பதைவிட உரசியது என்றே சொல்ல வேண்டும். யாரும் பார்க்கவில்லை. மருத்துவர் எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்குலேட்டர், பொருத்தவிருந்த செயற்கை மூட்டான இம்ப்ளான்ட் பெட்டியின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மூட்டில் கிருமி புகுந்தால் பொருத்திய மூட்டையே கழற்ற நேரலாம். அதை அறிந்திருந்தும், உண்மையிலேயே பட்டதா என்று என்னையே கேட்டுக்கொண்டு சில நொடிகள் தயங்கினேன். அந்த நொடிகளில் இரண்டு கருவிகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பிறகு, "டாக்டர், என் கையுறை பட்டுடுச்சு. இப்பக் கொடுத்த ரெண்டையும் வெளிய போடணும்" என்றேன். மருத்துவர் கையிலிருந்ததை உடனே கீழே வைத்துவிட்டுத் தம் கையுறைகளையும் மாற்றிக்கொண்டார், காயத்தைக் கழுவினார், மாற்றுக் கருவிகளுக்காகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தோம். உரசிய நொடியிலேயே சொல்லியிருந்தால் ஒரு ஜோடி கையுறையோடு முடிந்திருக்கும். அந்தக் கையுறையில் கிருமி ஒட்டியதா என்பது யாருக்கும் தெரியாது, எந்தச் சோதனையும் பின்னால் அதைக் காட்டித் தராது. அந்த அறையில் அதை அறிந்தவள் நான் ஒருத்திதான். நான் சொன்னால் உண்டு.

கருவிகளை எடுத்துக் கொடுக்கும் திறமையைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். நல்ல ஸ்க்ரப் நர்ஸ் கேட்பதற்கு முன்பே கொடுப்பார். இரத்தம் கசியும் இடத்தைக் கண்டதும் இரத்தக்குழாயைக் கவ்விப் பூட்டும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் கையில் இருக்கும். அது பூட்டிய சத்தம் கேட்டதும் கட்டுவதற்கு நூல். நூல் முடிச்சு விழுந்ததும் கத்தரி. ஊசியை நீடில் ஹோல்டரில் அதன் நூல் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடித்து, மருத்துவர் கையில் திருப்பிக்கொள்ளத் தேவையில்லாதபடி முனையின் திசை பார்த்து வைக்க வேண்டும். கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கிட்னி ட்ரே எனும் வளைந்த தட்டில் வைத்தே நீட்டுகிறோம். இவையெல்லாம் பழக்கத்தில் படிந்துவிடும். எத்தனை ஆண்டு பழகினாலும் பழக்கத்தின் பொறுப்பில் விடக் கூடாத வேலை ஒன்று உண்டு. அது எண்ணுவது.

இரத்தத்தை ஒற்றியெடுக்கும் பெரிய துணிகளை மாப் என்கிறோம், கட்டுக்கு ஐந்து. சிறிய காஸ் கட்டுக்குப் பத்து. ஒவ்வொன்றிலும் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்று நெய்யப்பட்டிருக்கும். இவற்றோடு ஊசி, பிளேடு, கருவிகள் ஆகிய அனைத்தையும் அறுவை தொடங்குமுன் ஸ்க்ரப் நர்ஸும் சர்க்குலேட்டரும் சேர்ந்து, இருவர் கண்ணும் ஒரே பொருளின்மீது இருக்க, வாய்விட்டு எண்ணுகிறோம், பலகையில் எழுதுகிறோம். நடுவில் எது சேர்ந்தாலும் எண்ணிச் சேர்க்கிறோம். கருப்பை போன்ற உள்ளுறுப்பை மூடுமுன் ஒருமுறை, வயிற்றுச் சுவரை மூடுமுன் ஒருமுறை, தோல் தைக்கும்போது ஒருமுறை, செவிலியர் பணி மாறும்போது ஒருமுறை. இரத்தத்தில் ஊறிய மாப் வயிற்றுக்குள் குடலைப் போலவே இருக்கும். கைவிட்டுத் துழாவினாலும் வேறுபாடு தெரியாது. உள்ளே மறந்துவிட்ட துணியைச் சுற்றி உருவாகும் கட்டிக்கு மருத்துவத்தில் காஸிபிபோமா என்று தனிப் பெயரே இருக்கிறது. ஒரு மறதிக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு அது நேர்ந்திருக்கிறது என்பதை நான் ஒவ்வொரு மாணவிக்கும் சொல்வேன்.

பணியில் நான்காவது ஆண்டில், குடலில் கட்டி எடுக்கும் நீண்ட அறுவை ஒன்றில் நான் ஸ்க்ரப். பலகையில் மாப் 20. வயிற்றை மூடுமுன் எண்ணினோம், 19. மீண்டும் எண்ணினோம், 19.

"டாக்டர், ஒரு மாப் குறையுது."

"நல்லாப் பாருங்க சிஸ்டர். நான் உள்ள எதையும் விடல."

"பார்த்துட்டோம் டாக்டர். மூட வேண்டாம்."

அவர் கையில் ஊசி ஏறிய நீடில் ஹோல்டர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, கல்லீரலுக்கு மேலே, மண்ணீரலுக்குப் பின்னே, இடுப்புக்குழியில் என ஒவ்வோர் இடமாகக் கைவிட்டுத் தேடினார். சர்க்குலேட்டர் வாளியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். குப்பைப் பைகளை, விரிப்பின் மடிப்புகளை, மேசைக்கு அடியை, எங்கள் காலணிகளின் அடிப்பகுதியைக்கூடப் பார்த்தார். எக்ஸ்ரே இயந்திரத்தை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். படத்தில் வயிறு முழுவதும் தெரிந்தது; மாப்பின் இழை எங்கும் இல்லை.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அறுவையின் நடுவே திடீரென்று இரத்தம் பீறிட்டபோது இரண்டு கட்டு மாப் கேட்டேன். வந்ததும் கட்டை அவிழ்த்து, ஓரங்களை விரலால் தொட்டு "ஐந்து, ஐந்து" என்று சொல்லிவிட்டு உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டேன். ஒவ்வொன்றாகப் பிரிக்கவில்லை. ஒரு கட்டில் நான்கே இருந்திருக்கலாம். நான் பிரித்து எண்ணாததை யாரும் கவனித்திருக்கவில்லை; எல்லோருடைய கண்ணும் இரத்தத்தின்மீது இருந்தது. எக்ஸ்ரே சுத்தமாக வந்துவிட்ட நிலையில் அதைச் சொல்லாமலேயே இருந்திருக்கவும் முடியும்.

சொன்னேன். மருத்துவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "அதையும் எழுதுங்க" என்றார். எண்ணிக்கை பொருந்தவில்லை, எக்ஸ்ரேயில் ஏதும் இல்லை, நடுவில் சேர்த்த கட்டுகள் பிரித்து எண்ணப்படவில்லை என்று மூன்றையும் பதிவேட்டில் எழுதினோம். யாரும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அந்த நோயாளி என் விரல் நுனிக் கணக்கினால் நாற்பது நிமிடம் கூடுதலாக வயிறு திறந்தபடி மயக்கத்தில் கிடந்தார். திறந்த வயிற்றில் உடல் வெப்பம் குறைந்துகொண்டே போகும். வெப்பம் குறைந்தால் இரத்தம் உறைவது தாமதமாகும், தொற்றுக்கும் வழி திறக்கும். அந்த நாற்பது நிமிடத்தின் விலையை அவர் உடல் கொடுத்தது. அவர் நலமாக வீடு திரும்பினார் என்றாலும் அந்தக் கணக்கு என்னிடம் அப்படியேதான் இருக்கிறது.

எண்ணிக்கை தவறினால் இறுதியில் தவறியதாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். தொடக்கத்திலும் தவறலாம், என்னுடையதைப் போல நடுவில் சேர்க்கும்போதும் தவறலாம். கடைசி எண்ணிக்கையில் பதற்றம் இருக்கும், கவனமும் இருக்கும். முதல் எண்ணிக்கையில் எல்லாம் அமைதியாக, எல்லாம் புதிதாக, எல்லாம் வெள்ளையாக இருக்கும். அங்கேதான் வாய் சொல்லும், கை செய்யாது.

2008இல் உலக சுகாதார நிறுவனம் 19 கூறுகள் கொண்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் தருமுன், தோலைக் கீறுமுன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுமுன் என மூன்று இடங்களில் எல்லோரும் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு அதை உரக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், மருத்துவமனையில் இருக்கும்போது நேர்ந்த சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன என்று 2009இல் ஆய்வு வெளியானது. அந்தப் பட்டியலில் புதிய மருந்தோ புதிய கருவியோ கிடையாது. தோலைக் கீறுமுன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு கூறு. அன்றாடம் பார்க்கும் முகங்களிடம் எதற்கு என்று முதலில் எனக்கும் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒருமுறை வாய் திறந்து பெயரைச் சொல்லிவிட்ட இளம் செவிலி, ஒரு மணி நேரம் கழித்து "டாக்டர், நிறுத்துங்க" என்று சொல்லத் தயங்குவது குறைவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த கூறு அதுதான். எல்லோரும் தாளில் டிக் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும் அரங்கில் அந்தப் பட்டியலால் எந்தப் பயனும் இல்லை.

திசு மாதிரி பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது எவ்வளவு சிறிய புட்டியில் போகிறதோ அவ்வளவு பெரிய விளைவைத் தரும். வழக்கமான பரிசோதனைக்குச் செல்லும் திசுவை, அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போடுகிறோம். அறுவை நடக்கும்போதே உடனடியாகப் பார்த்துச் சொல்ல வேண்டிய உறைநிலைப் பரிசோதனைக்கோ கிருமி வளர்ப்புக்கோ அனுப்ப வேண்டியது ஃபார்மலினில் விழுந்தால் அந்தப் பரிசோதனைக்கு அது பயன்படாது. அதே துண்டை இன்னொருமுறை எடுக்க முடியாது. இடது, வலது என்பது மாறினால் நோயற்ற உறுப்புக்கு மருத்துவம் நடக்கும். ஆகவே மருத்துவர் சொன்னதைச் சர்க்குலேட்டர் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, அவர் "ஆமாம்" என்ற பிறகே புட்டி அறையை விட்டுப் போகும். பெயர்ச் சீட்டை மூடியில் ஒட்டக் கூடாது. புட்டியில் ஒட்ட வேண்டும். மூடி கழன்று வேறு புட்டிக்குப் போய்விடலாம்.

கால் வலி, நரம்புச் சுருட்டல், எக்ஸ்ரே அறுவைகளில் ஈயக் கவசத்தின் பாரம், நள்ளிரவு அழைப்பு ஆகியவை இந்த வேலையோடு வருபவை. அவற்றை எல்லோரும் ஒருவாறு தாங்கிக்கொள்கிறோம். மேசையிலேயே ஒருவர் இறந்துபோகும் நாள் வேறு. அன்றும் எண்ணுகிறோம். இறந்தவரின் உடலிலும் எதையும் விட்டுவிடக் கூடாது. எண்ணி முடித்து, காயத்தை மூடி, உடலைத் துடைத்து, முகத்தைச் சரிசெய்து, குடும்பத்தார் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவருகிறோம். மருத்துவர் வெளியே பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் அறைக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் செவிலியர்களே. அந்த அறையில் யாரும் உரக்கப் பேசுவதில்லை, எண்களைத் தவிர.

இப்போது என்னோடு பயிற்சிக்கு வரும் செவிலியர் முதல் கட்டு மாப்பைக் கையில் எடுக்கும்போது நான் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓரத்தைத் தொட்டு எண்ணினால், கட்டை வாங்கி அவர் கண்முன் பிரித்து ஒவ்வொன்றாகத் தனியே வைத்து எண்ணுவேன். நான்கு மாப் இருந்த கட்டைப் பற்றிச் சொல்வேன், அது என் கையிலிருந்த கட்டு என்பதையும் சேர்த்து. இன்று காலையும் ஒருவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, கிண்ணத்தில் ஏற்கெனவே போட்டுவிட்ட ஐந்தையும் எடுத்து, பிழிந்து, மறுபடி எண்ணினார். நான்கு மணி நேரம் கழித்து வயிற்றுச் சுவரின் விளிம்புகளை மருத்துவர் பற்றி இழுத்தபடி, தலை நிமிராமல், "எண்ணிக்கை சரியா, சிஸ்டர்?" என்று கேட்டார். பயிற்சிச் செவிலி என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். தொங்கவிட்ட பைகளில் ஐந்து ஐந்தாக நிறைந்திருந்த மாப்களைப் பார்த்தேன். "நீங்களே சொல்லுங்க" என்றேன். "மாப் பதினஞ்சு, காஸ் பத்து, ஊசி ஏழு, பிளேடு ரெண்டு. சரியா இருக்கு டாக்டர்" என்றார் அவர்.